தொடுகை மவுஸும் நெடுந்தீவின் மின்சாரமும்

கணினியின் மவுஸை மாற்றுவதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். எழுதுவதற்கு நிறையவே இருக்கிறது. பொத்தானும் சில்லும் இல்லாத, மேற்பரப்பை விரலால் வருடினாலே போதும் என்கிற தொடுகை மவுஸ் ஒன்று அண்மையில் என் மேசைக்கு வந்து சேர்ந்தது. கனடாவிலிருந்து வந்த மருமகனின் அன்பளிப்பு. சில வாரங்கள் பாவித்துப் பார்த்த பின் என் கருத்து இதுதான்: பொருள் அழகானது, வேலையும் செய்கிறது, ஆயினும் அதை முன்னேற்றம் என்று அழைப்பதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

மவுஸின் கதை மரக்கட்டையில் தொடங்கியது. 1964 இல் அமெரிக்காவின் ஸ்ரான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவரின் எண்ணத்துக்கு பில் இங்கிலிஷ் என்னும் பொறியியலாளர் உருவம் கொடுத்தார். ஒரு மரப்பெட்டி, இரண்டு சில்லுகள், ஒரு பொத்தான், ஒரு வயர், அவ்வளவுதான். 1968 டிசெம்பர் 9 ஆம் திகதி சான்பிரான்சிஸ்கோவில் அது பகிரங்கமாகக் காட்டப்பட்டது. பின்னர் சில்லுகளின் இடத்தில் உருண்டையும், உருண்டையின் இடத்தில் ஒளியும் வந்தன; வயர் போயிற்று. 2005 இல் அப்பிள் நிறுவனம் பொத்தான்களை மறைத்து, விரலை உணரும் ஓட்டைக் கொண்டுவந்தது. 2009 இல் மேற்பரப்பு முழுவதையுமே தொடுதளமாக்கியது.

அந்த 2009 மவுஸுக்கு இரண்டு சிறிய பற்றறிகள் தேவைப்பட்டன. 2015 இல் பற்றறி உள்ளேயே பொருத்தப்பட்டு, மின்னேற்றும் துளை அடிப்பாகத்தில் வைக்கப்பட்டது. மின்னேற்ற வேண்டுமானால் மவுஸைக் கவிழ்த்துப் போட வேண்டும். அதுவரை வேலை நிற்கும். 2024 இல் துளையின் வகை மாறிற்று, இடம் மாறவில்லை. மின்சாரம் எப்போதும் கிடைக்கும் என்று நம்புகிறவர்களின் மேசைக்காகச் செய்யப்பட்ட பொருள் இது.

யாழ்ப்பாணத்தில் தொண்ணூறுகளில் வாழ்ந்தவர்கள் அப்படி எளிதில் நம்பிவிட மாட்டார்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் சாதாரண ரோர்ச் பற்றறிகூடத் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைச் சுற்றி, டைனமோவிலிருந்து பெற்ற மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை எங்களுடையது. ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் படித்தோம். தாள் கிடைக்காத நாட்களில் பத்திரிகைகள் கோடிட்ட கொப்பித் தாள்களிலும் அச்சாகின. அந்த அனுபவம் ஒரு கேள்வியைக் கற்றுத் தந்தது: வெளியிலிருந்து வரும் ஒன்று நின்றுபோனால் இந்தப் பொருள் என்னவாகும்?

இக்கேள்வியை நெடுந்தீவில் நின்று கேட்டுப் பாருங்கள். யாழ்ப்பாணத் தீவுகளுள் பெரியவற்றில் ஒன்று அது. பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். குறிகாட்டுவான் இறங்குதுறையிலிருந்து சுமார் ஒரு மணிநேரக் கடற்பயணம். தேசிய மின்கட்டமைப்போடு இணைக்கப்படாமல் நெடுங்காலம் டீசல் மின்பிறப்பாக்கிகளையே நம்பியிருந்த இடம். அந்த டீசலும் கடல் கடந்தே வர வேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்குமான காற்று, சூரிய மின்திட்டம் 2021 ஜனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. இந்தியா ஆட்சேபித்தது, அதே ஆண்டின் முடிவில் அது இடைநிறுத்தப்பட்டது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் புரிந்துணர்வு. 2024 மார்ச்சில், ஏறத்தாழ 11 மில்லியன் டொலர் இந்திய நன்கொடையில், புதிய ஒப்பந்தம். தீவின் வீடுகளுக்கு வெளிச்சம் கொடுக்கும் மின்கலங்களை யார் வைப்பது என்று தீர்மானிக்கவே மூன்று ஆண்டுகள் சென்றன.

உப்புக்காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். உருண்டை வைத்த பழைய மவுஸில் தூசி சேர்ந்தால், அடிமூடியைத் திருகிக் கழற்றி, நகத்தாற் சுரண்டி மீண்டும் ஓட விடலாம். வயர் பூட்டிய ஒளி மவுஸுக்குத் தனியாக மின்னேற்றம் வேண்டாம். கணினி உயிரோடிருக்கும்வரை அதுவும் உயிரோடிருக்கும். ஒட்டி மூடப்பட்ட தொடுகை மவுஸ் பழுதானால், திருத்துபவரைத் தேடிப் படகேற வேண்டும். அவரும் பெரும்பாலும் புதியதொன்றை வாங்கச் சொல்வார்.

தொடுகைத் தொழில்நுட்பத்தோடு எனக்குப் பகையில்லை. மவுஸையே காணாத எத்தனையோ முதியவர்கள் கைபேசித் திரையை வருடிப் பேரப்பிள்ளைகளின் முகம் பார்க்கிறார்கள். விரல் மூட்டு நோவுள்ளவருக்குப் பொத்தானை அழுத்துவதிலும் வருடுவது இலகு. ஆனால் கைபேசியோடு மட்டும் வளரும் பிள்ளைக்கு இன்னொரு குறை இருக்கிறது. திரையை வருடத் தெரியும். விசைப்பலகையில் ஒரு பக்கம் தமிழ் தட்டெழுதத் தெரியாது. சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் ஒரு பாடமாக இருக்கிறது. அதைக் கற்கும் தீவுப் பிள்ளைக்குத் தேவை வேலை செய்யும் கணினி, தடையில்லா மின்சாரம், பழகுவதற்குப் போதிய நேரம்.

எங்கள் தொழிலில் நான் கண்ட மெய்யான முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியாத ஒன்று. பாமினி எழுத்துருவில் நாங்கள் தட்டிய செய்திகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். ஒருங்குறி வந்த பிறகு நெடுந்தீவில் தட்டிய செய்தியை ரொறன்ரோவில் அப்படியே வாசிக்கலாம், தேடலாம், சேமித்து வைக்கலாம். அதற்காக எவரும் புதிய மவுஸ் வாங்க வேண்டியிருக்கவில்லை. பத்து ரூபாய் மவுஸில் செய்தாலும் பத்தாயிரம் ரூபாய் மவுஸில் செய்தாலும் அந்த நன்மை ஒன்றுதான்.

ஆகவே ஊர்ப் பாடசாலைக்குக் கணினிப் பொருட்கள் அனுப்ப விரும்பும் புலம்பெயர்ந்த உறவுகளிடம் ஒரு வேண்டுகோள். வாங்குமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மின்சாரம் போய் வந்தாலும் இது உடனே வேலை செய்யுமா? அங்குள்ள ஓர் ஆசிரியரோ மாணவரோ இதைத் திறந்து துப்புரவாக்க முடியுமா? உதிரிப்பாகம் யாழ்ப்பாண நகரிலாவது கிடைக்குமா? மூன்றுக்கும் விடை இல்லையென்றால், அதே பணத்தில் வயர் பூட்டிய மவுஸ் பத்து வாங்கி அனுப்புங்கள். பத்துப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் பழகட்டும்.