ஊர் மாறினா நர்ஸ் சம்பளம் மாறும். கையில் நிக்கிற பணம் மாறுமா?

"அமெரிக்காவுல மயக்க மருந்து கொடுக்கிற நர்ஸுக்கு ரெண்டு கோடி சம்பளமாமே, என் பொண்ணு பி.எஸ்சி. நர்சிங் முடிச்சிருக்கா, அனுப்பலாமா?" போன வார வீடியோவுக்குப் பிறகு நம்ம ஏரியா பெற்றோர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி இது. கீழ்க்கட்டளை, மடிப்பாக்கம், குரோம்பேட்டை, தாம்பரம் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரு நர்ஸ் இருக்காங்க. அதனால வீடியோவுல சொல்ல முடியாமப் போனதை இங்க எழுதறேன்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ஊரைப் பொறுத்து சம்பளம் மாறுறது உண்மை. ஆனா அந்த வித்தியாசத்தை உண்டாக்குறது ஊர் இல்ல, அந்த ஊர்ல இருக்கிற விதி. விதி இல்லாத இடத்துல "இது புறநகர்தானேம்மா"ன்னு சொல்லி சம்பளத்தைக் குறைக்கிறது சும்மா ஒரு சாக்கு.

அந்த ரெண்டு கோடி யாருக்கு?

அமெரிக்காவுல இந்த வேலைக்கு சி.ஆர்.என்.ஏ.ன்னு பேர். அந்நாட்டு அரசின் 2024 மே மாதக் கணக்குப்படி இவங்க ஆண்டுச் சம்பளத்தின் நடுமதிப்பு 2,23,210 டாலர். டாலரை 85 ரூபாய்னு வெச்சாலே சுமார் 1.9 கோடி. அதே கணக்குல சாதாரண ஆர்.என். நர்ஸுக்கு 93,600 டாலர்தான். ஆக, அமெரிக்கா போனா கிடைக்கிற தொகை இல்ல இது. அந்தப் படிப்பை முடிச்சவங்களுக்குக் கிடைக்கிற தொகை.

அந்தப் படிப்பு என்ன? முதல்ல ஆர்.என். லைசென்ஸ். அப்புறம் ஐ.சி.யூ. மாதிரி தீவிர சிகிச்சைப் பிரிவுல குறைந்தது ஒரு வருட அனுபவம். அதுக்கு மேல 3 வருட டாக்டரேட். 2022 ஜனவரியிலிருந்து புதுசா சேருறவங்களுக்கு டாக்டரேட் கட்டாயம். நம்ம நாட்டுல இப்படி ஒரு வேலையே கிடையாது. இங்க மயக்க மருந்து கொடுக்கிறது எம்.டி. அனஸ்தீசியா மாதிரி படிச்ச டாக்டர்தான். நர்ஸும் அனஸ்தீசியா டெக்னீஷியனும் கூட நின்னு உதவி பண்றவங்க. அதனால இங்க பத்து வருஷம் ஓ.டி.யில நின்ன சிஸ்டரும் அங்க நேரா அந்த நாற்காலியில உட்கார முடியாது.

விசா இன்னொரு கதை. நர்ஸ்கள் வழக்கமா போற ஈ.பி.-3 கிரீன் கார்டு வரிசையில இந்தியர்களுக்குப் பத்து வருஷத்துக்கு மேல தேங்கி நிக்குது. இதெல்லாம் தெரியாம நகையை அடகு வெச்சு ஏஜென்ட்கிட்ட கொடுக்கிறதுதான் எனக்குப் பயம்.

அமெரிக்காவுக்குள்ளயே ஊருக்கு ஊர் ஏன் மாறுது? டாக்டர் மேற்பார்வை இல்லாமலே இவங்க மயக்க மருந்து கொடுக்கலாம்னு மாநில ஆளுநர் முடிவெடுக்க 2001-ல வழி வந்துச்சு. முதல்ல எடுத்த மாநிலம் அயோவா. கிராமப்புற ஆஸ்பத்திரிகள் பலதுல மயக்க மருந்துக்கு இவங்கதான் ஒரே ஆள். ஆள் பஞ்சம் இருக்கிற ஊர்ல பேரம் பேசுற பலம் நர்ஸ் பக்கம் இருக்கும். "பெரிய சிட்டியில பெரிய சம்பளம்"ங்கிற நம்ம ஊர்க் கணக்கு அங்க அப்படியே பொருந்தாது. டெக்சஸ், ஃபுளோரிடாவுல மாநில வருமான வரி இல்ல, கலிபோர்னியாவுல நல்லாவே இருக்கு. ஒரே சம்பளம்னாலும் கையில நிக்கிறது வேற.

விதி எழுதி வெச்ச இடங்கள்

பிரிட்டன் என்.எச்.எஸ்.ல 2025-26க்கு பேண்ட் 5 நர்ஸ் ஆரம்பச் சம்பளம் 31,049 பவுண்ட். லண்டன் நடுப்பகுதின்னா 20% கூடுதல், வெளி லண்டன்னா 15%, ஓரப்பகுதின்னா 5%. நடு லண்டன்ல மாசம் சுமார் 517 பவுண்ட் அதிகம், அதுவும் வரிக்கு முன்னாடி. பெரும்பாலும் ரூம் வாடகையே அதை முழுங்கிடும்.

நம்ம நாட்டு மத்திய அரசு வேலையிலயும் இதே மாதிரிதான். ரயில்வே நர்ஸுக்கு அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாயில ஆரம்பம். 2024-ல அகவிலைப்படி 50%-ஐத் தொட்ட பிறகு வீட்டு வாடகைப்படி பெரிய நகரத்துல 30%, அடுத்த நிலை நகரத்துல 20%, மத்த ஊர்கள்ல 10%. பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில 13,470. திருச்சி பொன்மலையில 8,980. சின்ன ஊர்ல 4,490. பிடிக்குதோ இல்லையோ, கணக்கு கண்ணு முன்னாடி இருக்கு.

நம்ம புறநகர் தனியார் ஆஸ்பத்திரி

இங்கதான் பிரச்சினை. தனியார் நர்ஸ்கள் சம்பளம் பத்தின வழக்குல, குழு அமைக்கச் சொல்லி 2016 ஜனவரியில உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. குழு சொன்னது இது:

- 200 படுக்கைக்கு மேல: அந்த மாநில அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம்
- 100 முதல் 200 வரை: அதைவிட அதிகபட்சம் 10% குறைவு
- 50 முதல் 100 வரை: அதிகபட்சம் 25% குறைவு
- 50-க்குக் கீழ: குறைந்தது 20,000 ரூபாய்

கவனிச்சீங்களா? அளவுகோல் படுக்கை எண்ணிக்கை. சிட்டியா புறநகரான்னு ஒரு வார்த்தை கிடையாது. கேரளா, நர்ஸ்கள் போராட்டத்துக்குப் பிறகு, 2018 ஏப்ரல்ல குறைந்தபட்சம் 20,000-ன்னு அரசாணையே போட்டுச்சு. நம்ம பக்கம் அந்த 20,000-ஐத் தொடாத ஆஃபர் லெட்டரை வாசகர்கள் இன்னும் எனக்கு அனுப்பிக்கிட்டுதான் இருக்காங்க. ஆண்டுக்கு 6% விலைவாசி ஏறுதுன்னு வெச்சா, 2016-ன் 20,000-க்குச் சமமா பத்து வருஷத்துல சுமார் 35,800 வேணும்.

"புறநகர்ல செலவு கம்மி"ன்னு சொல்றவங்க ரேடியல் ரோடு பக்கம் வாடகை விசாரிச்சுப் பாருங்க. துரைப்பாக்கம் ஐ.டி. கூட்டம் ஏற்கனவே இங்க இருக்கு. மாதவரம்–சோழிங்கநல்லூர் மெட்ரோவுல கீழ்க்கட்டளைக்கும் ஒரு ஸ்டேஷன் வரப் போகுது. வாடகை சிட்டியைப் பார்த்து ஏறும்போது சம்பளம் மட்டும் ஏன் கிராமத்தைப் பார்க்கணும்?

அரசும் இதுல முன்மாதிரியா இல்ல. 2015-ல எம்.ஆர்.பி. மூலமா எடுத்த ஒப்பந்த நர்ஸ்களுக்கு ஆரம்பத்துல கொடுத்தது மாசம் 7,700 ரூபாய். தனியார் முதலாளிக்கு அதைவிட நல்ல சாக்கு வேணுமா?

நீங்க என்ன பண்ணலாம்?

ஒண்ணு, மணிக் கணக்கு போடுங்க. ஒரு உதாரணம்: வீட்டுப் பக்கத்துல 18,000, சிட்டி நடுவுல 23,000. போய் வர தினம் இரண்டரை மணி நேரம், 26 நாளைக்கு 65 மணி. கூடுதல் 5,000-ஐ வகுத்தா மணிக்கு 77 ரூபாய். வீட்டுப் பக்க வேலையில மணிக்கு 86 ரூபாய் வருது. பெண்களுக்கு சாதாரண பஸ்ல கட்டணம் இல்லைன்னாலும் நேரத்துக்கு விலை இருக்கு.

ரெண்டு, முதல் ரெண்டு வருஷத்துக்கு மட்டும் இந்தக் கணக்கைக் கொஞ்சம் ஒதுக்கி வைங்க. பெரிய ஆஸ்பத்திரி ஐ.சி.யூ., ஓ.டி. அனுபவம்தான் வெளிநாட்டுக் கதவோட சாவி. வேலை கத்துக்கொடுக்கிற இடம்னா 77 ரூபாயும் லாபம்தான். வெறும் வார்டு வேலைன்னா வீட்டுப் பக்கமே இருங்க.

மூணு, ஒரிஜினல் சர்டிபிகேட்டை யார்கிட்டயும் ஒப்படைக்காதீங்க.

நாலு, வெளிநாடுன்னா கிண்டியில இருக்கிற தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்துல முதல்ல கேளுங்க. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதுக்கான ஜி.எஸ்.டி.யும். 18% சேர்த்தா 35,400. லட்சக்கணக்குல கேட்டா எழுந்து வந்துடுங்க.

ரெண்டு கோடி கனவு காண வேண்டாம்னு நான் சொல்லல. அந்தக் கனவைக் காட்டியே இங்க 15,000-க்கு வேலை வாங்குறாங்க: "அனுபவத்துக்காக இரும்மா, அப்புறம் வெளிநாடு போயிடலாம்." வெளிநாடு போற நர்ஸுக்கும் சரி, கீழ்க்கட்டளையிலேயே இருக்கப் போற நர்ஸுக்கும் சரி, இன்னைக்கு ராத்திரி பார்க்கிற டூட்டிக்கு இன்னைக்கே நியாயமான விலை வேணும். கேரளா போட்ட மாதிரி ஒரு அரசாணையைத் தமிழ்நாடும் போடணும், அதுவும் 2016 விலையில இல்ல, இன்னைக்கு விலையில.

உங்க வீட்டு நர்ஸோட ஆஃபர் லெட்டர்ல படுக்கை எண்ணிக்கையையும் சம்பளத்தையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்க. அடுத்த வீடியோவுல ஜெர்மனி கணக்கோட சந்திப்போம்.