அம்மாவின் சுங்குடியில் ஒரு கல்யாணக் கார்ட்டர்!

"ஏய், எனக்கு ஒரு கார்ட்டர் தைச்சுத் தருவியாடி?"

ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் வந்தது இந்த வாய்ஸ் மெசேஜ். அனுப்பியவள் திண்டுக்கல்லில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். இப்போது இங்கிலாந்தில் நர்ஸ். அடுத்த மாதம் அங்கேயே சர்ச்சில் கல்யாணம், வெள்ளை கவுனில்.

கார்ட்டர் என்பது தொடைப்பட்டை. எலாஸ்டிக் வருவதற்கு முன்பு காலுறை நழுவாமல் இருக்க ஐரோப்பாவில் ஆணும் பெண்ணும் கட்டிக்கொண்ட நாடாதான் அது. 1348 வாக்கில் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்ட் தொடங்கிய வீர விருதுக்கே 'ஆர்டர் ஆஃப் தி கார்ட்டர்' என்றுதான் பெயர். இன்று அது மணப்பெண்ணின் அலங்காரமாக மட்டும் மிஞ்சியிருக்கிறது. ரிசப்ஷனில் மாப்பிள்ளை அதைக் கழற்றி, கல்யாணமாகாத பையன்கள் பக்கம் வீசுவதும் உண்டாம். "அதெல்லாம் கிடையாது. கவுனுக்குள்ள இருக்கிறது எனக்கு மட்டும் தெரிஞ்சா போதும்" என்றாள் தோழி.

அவளுக்கு வேண்டியது வேறு. மணப்பெண்ணிடம் பழையது, புதியது, இரவல் வாங்கியது, நீல நிறத்தில் ஏதாவது என நான்கு இருந்தால் ராசி என்பது ஆங்கிலேயர் நம்பிக்கை. பழையதும் நீலமும் அம்மாவிடமிருந்து வரவேண்டும் என்று ஆசைப்பட்டாள். முழங்கால் ஆபரேஷன் ஆனதால் அம்மாவால் அவ்வளவு தூரம் விமானத்தில் போக முடியாது.

அவள் அம்மாவிடம் நீல நிறச் சின்னாளபட்டி சுங்குடி ஒன்று இருந்தது. திண்டுக்கல்லில் இருந்து மதுரை போகும் வழியில் இருக்கிற ஊர் சின்னாளபட்டி. சுங்குடி, சௌராஷ்டிர மக்களோடு மதுரைப் பக்கம் வேரூன்றிய கலை. துணியைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கிப் பிரித்தால் முடிச்சு இருந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. மதுரை சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இப்போது பெரும்பாலும் மெழுகு அச்சுதான். அதில் புள்ளிகள் ஒரே அளவில் வரிசையாக நிற்கும். கை முடிச்சில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது, ஒன்று கோணல். அம்மாவின் புடவையில் எல்லாமே கோணல்!

"ஏத்தா, இத எங்க கட்டுவாக?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "எம் புடவைய தொடையிலயா?" என்றவர், அடுத்த நிமிடம் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால், கத்தரிக்கோலை என் கையில் தரவில்லை. முந்தானை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, உள்கட்டுப் பக்கத்தில் தானே வெட்டிக் கொடுத்தார்.

உடனே தைக்க உட்காரவில்லை. பழைய நீலத்துக்குப் பக்கத்தில் வெள்ளை கவுன் வரப்போகிறது. வியர்வையில் சாயம் இறங்கினால் கல்யாண நாளே காலி. அதனால் ஓரத்தை நனைத்து, வெள்ளைக் கைக்குட்டையில் வைத்து சூடான அயர்ன்பாக்ஸால் அழுத்தினேன். லேசாக ஒட்டியது. இரண்டு நாள் அலசிக் காயப்போட்ட பிறகுதான் கைக்குட்டை வெள்ளையாகவே நின்றது. அப்படியும் இறங்கினால் அந்தத் துணியை விட்டுவிட்டு நீல ரிப்பனுக்குப் போய்விடுங்கள். சென்டிமென்ட் பார்க்காதீர்கள்.

அளவு, முழங்காலுக்கு மேல் நான்கு விரல் தள்ளி எடுக்க வேண்டும். அவளுக்கு 18 அங்குலம். துணி அதைப்போல் ஒன்றரை மடங்கு, அதாவது 27 அங்குல நீளம், 1¾ அங்குல அகலம். சுங்குடியில் ஒரு பட்டை, உடம்பில் படும் பக்கத்துக்கு வெள்ளை வாயிலில் ஒரு பட்டை. இரண்டின் நல்ல பக்கமும் உள்ளே இருக்க, ஓர் ஓரத்தில் லேஸை நடுவில் வைத்து, இரு நீள ஓரங்களையும் கால் அங்குலம் விட்டுத் தைத்துத் திருப்பினால் குழாய் ரெடி. முக்கால் அங்குல எலாஸ்டிக்கை 17 அங்குலம் வெட்டி, ஊக்கில் மாட்டி உள்ளே விட்டேன். முனைகளை அரை அங்குலம் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றித் தைக்க வேண்டும். இதைவிடக் குறைத்தால் சாயங்காலத்துக்குள் காலில் தடம் விழும். கூட்டினால் ஆல்டரை அடைவதற்குள் கணுக்காலுக்கு வந்துவிடும்.

மெஷின் எங்கள் தெரு டெய்லர் அக்காவுடையது. "பாவாடை நாடாவுக்கு எதுக்குடி இம்புட்டு லேஸு?" என்றார். இரவல் கணக்கில் அவர் மெஷினைச் சேர்க்கலாமா என்று கேட்டேன். சேராது என்று தோழி சொல்லிவிட்டாள். அதற்கு உடன் வேலை செய்யும் நர்ஸின் கம்மல் வருகிறதாம்.

போட்டுப் பார்க்க ஆள் பக்கத்தில் இல்லாததால் எலாஸ்டிக் முனைகளைத் தைக்காமல் ஊக்கு மட்டும் குத்தி, குழாயிலும் ஓர் அங்குலம் திறந்தே அனுப்பினேன். கூடவே நீல நூல் கோத்த ஊசி ஒன்று. கவரில் அம்மா ஒரு பழைய 25 பைசாவைப் போட்டார். அங்கே மணப்பெண் ஷூவுக்குள் ஆறு பென்ஸ் வெள்ளிக் காசு வைப்பார்கள் என்று நான் சொல்லியிருந்தேன். அந்தக் காசு 1980-ல் செல்லாமல் போனது, நம் 25 பைசா 2011-ல்.

போன வாரம் போட்டோ வந்தது. அரை அங்குலம் இறுக்கித் தைத்திருக்கிறாள், அவளே. தையல் கோணல்தான்.