காந்திக்குக் கடைத் துணி கேட்ட பள்ளி முதல்வருக்கு

மதிப்பிற்குரிய முதல்வர் அம்மா அவர்களுக்கு,

கோவளத்தில் தையல் வேலை செய்பவள் எழுதுகிறேன். சுதந்திர தின மாறுவேடப் போட்டியில் நடந்ததை வகுப்பு ஆசிரியையிடம் சொன்னேன். தங்கள் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். தாளாளருக்கும் எழுதினேன். "பார்க்கலாம்" என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. அதனால்தான் ஊரறிய இந்த மடல்.

குப்பத்துப் பையன், யு.கே.ஜி. படிக்கிறான். பெயரை எழுதவில்லை, தங்களுக்குத் தெரியும். அவனுக்குக் காந்தி வேடம் என்று முடிவு செய்தது பள்ளிதான். தாம்பரத்தில் உள்ள ஒரு வாடகைக் கடையின் சீட்டையும் டைரியில் ஒட்டி அனுப்பினீர்கள். வாடகை 600 ரூபாய், முன்பணம் 1,000. கேளம்பாக்கம், வண்டலூர் வழியாகப் போய் எடுத்து வர ஒரு நாள், திருப்பிக் கொடுக்க இன்னொரு நாள். கூடையில் மீன் விற்கும் அவன் பாட்டிக்கு இரண்டு நாள் வியாபாரம் போய்விடும். அந்தம்மா ஒரு பழைய வேட்டியோடு என்னிடம் வந்தார்.

இறந்துபோன தாத்தாவின் கைத்தறி வேட்டி. துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆகியிருந்தது. கிழிசலை ஒதுக்கிவிட்டு நல்ல பகுதியை வெட்டி ஓரம் அடித்தேன். ஐந்து வயதுப் பிள்ளைக்கு வேட்டி இடுப்பில் நிற்காது. மேலே மடித்துத் தைத்து நாடா கோத்தேன். அவனே அவிழ்த்து ஒன்றுக்குப் போய்விட்டு வரலாம். மிச்சம் மேல்துண்டாயிற்று. மொட்டைத் தலைக்கு அவன் அப்பாவின் பழைய பனியன். அது இழுவைத் துணி, தலையைக் கவ்விக்கொள்ளும், வியர்வையையும் உறிஞ்சும். கெட்டித் தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்ததும் அவன் நிறத்துக்கே வந்துவிட்டது. கண்ணாடிக்கு மெல்லிய கம்பியை வளைத்து, முனை குத்தாமல் துணி சுற்றினேன். எங்கும் ஒரு பின் கிடையாது. வாடகைக்கு வரும் ரப்பர் மொட்டை எத்தனை பிள்ளைகளின் தலை மாறி வருகிறது, அதை யாராவது கழுவுகிறார்களா என்று விசாரித்திருக்கிறீர்களா?

அன்று காலை அவனை மேடைக்குப் பின்னால் நிறுத்தினார்கள். கடை உடை இல்லையாம், படத்தில் பழந்துணி தெரியுமாம். அவன் பெயரைக் கூப்பிடவே இல்லை. நிகழ்ச்சி முடியும்வரை கம்பை ஊன்றிக்கொண்டு நின்றான். மனப்பாடம் செய்த நாலு வரியையும் பாட்டியிடம்தான் சொன்னான், வீட்டுக்கு வந்தபிறகு.

1921 செப்டம்பரில் காந்தி மதுரைக்கு வந்தபோது, கதர் வாங்கக் காசில்லை என்று ரயில் பெட்டியில் இருந்த ஏழைகள் சொன்னார்கள். அந்தச் சொல் அவரை விடவில்லை. 22ஆம் தேதி மேலமாசி வீதி வீட்டிலிருந்து அரையாடையோடு வெளியே வந்தார். பத்து வருடம் கழித்து, லண்டனில் பேரரசரின் அரண்மனைக்கும் அரையாடையும் போர்வையுமாகத்தான் போனார். காசில்லாதவர்களுக்காக அவர் உடுத்திய உடை அது. காசில்லை என்பதற்காகவே அதை உடுத்தி வந்த பிள்ளையை நீங்கள் மறைத்து வைத்தீர்கள். அரண்மனைக்குள் போன உடை உங்கள் மேடைக்கு ஆகாதா?

பழந்துணி என்றால் என்னவென்று இந்தக் கடற்கரைக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு, ஊரார் கழித்துப் போட்ட துணிகள் தமிழ்நாட்டுக் கரையெங்கும் லாரி லாரியாக வந்து சாலையோரம் குவிந்தன. வீடு இழந்த நிலையிலும் எங்கள் சனம் அதைத் தொட மனம் வராமல் நின்றது. இந்த வேட்டி அப்படி வந்ததில்லை. ஒரு மனுசன் கடலுக்குப் போய் உழைத்து வாங்கியது. பேரனுக்கு அளவெடுத்துத் தைத்தது. அதைப் பார்த்து முகம் சுளித்த உங்கள் பள்ளியில், பிள்ளைகள் காந்தியைப் பற்றி என்ன படிக்கப்போகிறார்கள்?

காந்தி ஜயந்தி வருகிறது. அந்த வேட்டியோடு அவனை மேடையேற்றுங்கள். கடைச் சீட்டு கொடுப்பதை நிறுத்துங்கள். வீட்டில் இருக்கும் பழைய துணியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். எந்தப் பிள்ளைக்கும் கூலி வாங்காமல் நான் தைத்துத் தருகிறேன். அதற்கு முன்னால் அந்தப் பாட்டியின் வீட்டுக்குப் போய், செய்தது தவறு என்று உங்கள் வாயால் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கோவளத்துத் தையல்காரி