நிறுவப்பட்ட உண்மையும் நிறுவப்படாத கருவியும்

அகதிகள் ஒரு காலத்தில் அரசாங்கக் கோப்புகளுக்கும் தொண்டு நிறுவனங்களின் அறிக்கைகளுக்கும் மட்டுமே உரியவர்களாக இருந்தனர். இன்று அவர்கள் பல்கலைக்கழகங்களின் ஆய்வுக்கும் உரியவர்களாகிவிட்டனர். சமூக அறிவியலாளர்கள் அகதிகளின் காத்திருப்பை அளக்கின்றனர். கணிதரும் பொறியியலாளரும் அவர்களை எந்த ஊரில் குடியமர்த்தலாம் எனக் கணக்கிடுகின்றனர். மருத்துவரும் உயிரியலாளரும் அவர்களது தழும்புகளையும் எலும்புகளையும் உமிழ்நீரையும் ஆராய்கின்றனர்.

அண்மைக் காலத்தில் வெளிவந்த இவ்வாய்வுகளை ஒருசேர வைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படுகின்றது. நன்கு நிறுவப்பட்ட முடிவுகளை ஏற்று நடப்பதில் அரசுகள் ஆமை வேகம் காட்டுகின்றன. இன்னும் நிறுவப்படாத கருவிகளை அகதிகள்மீது பிரயோகிப்பதிலோ முயல் வேகம் காட்டுகின்றன. இம்முரண்பாட்டை எமது மக்கள் அறிந்திருத்தல் அவசியம்.

சுவிற்சர்லாந்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 1983 இற்குப் பின்னர் எம்மவர் பெருந்தொகையாகத் தஞ்சமடைந்த நாடுகளுள் அதுவும் ஒன்று. அந்நாட்டில் 1994 முதல் 2004 வரை புகலிடம் கோரிப் பாதுகாப்புப் பெற்றோரின் பதிவுகளை ஆராய்ந்த அறிஞர் மூவர் 2016 ஆம் ஆண்டு தமது முடிவுகளை வெளியிட்டனர். முடிவுக்காகக் காத்திருக்கும் காலம் ஓராண்டு நீளுமாயின், பின்னர் அவர்கள் தொழில் பெறும் வீதம் 4 முதல் 5 சதவீதப் புள்ளிகளால் குறைகின்றது என்பதே அவர்கள் கண்டது. சராசரியோடு ஒப்பிட்டால் இது 16 முதல் 23 சதவீத வீழ்ச்சியாகும். ஆண், பெண், பிறந்த நாடு, வயது, குடியமர்த்தப்பட்ட மொழிப் பிரதேசம் என எவ்வகையாகப் பிரித்துப் பார்த்தாலும் இப்பாதிப்பு ஏறத்தாழ ஒரே அளவினதாகவே இருந்தது. கைத்தொழில் மறந்துபோவதனால் அன்று, மனம் சோர்ந்துபோவதனாலேயே இது நிகழ்கின்றது என ஆய்வாளர் கருதினர். அவர்கள் ஆராய்ந்த அதே ஆண்டுகளில் அந்நாட்டில் தஞ்சம் கோரியோருள் இலங்கையரும் கணிசமானோர். தபாற்காரரின் வரவையே நாள்தோறும் எதிர்பார்த்து ஆண்டுகளைக் கழித்த எம்மவருக்கு இம்முடிவு புதுமையானதன்று. தாம் பட்ட பாடு எண்களாகி அறிவியல் ஏட்டில் ஏறியிருக்கின்றது என்பதே புதுமை.

யேர்மனியில் நடைபெற்ற ஆய்வு இதனினும் தெளிவானது. 1999 ஆம் ஆண்டு வந்த யூகோஸ்லாவிய அகதிகள் தொழில் செய்ய அனுமதி பெறுவதற்கு 19 மாதங்கள் காத்திருக்க நேர்ந்தது. நீதிமன்றத் தீர்ப்பொன்றினால் சட்டம் மாறவே, 2000 ஆம் ஆண்டு வந்தோர் 12 மாதங்களே காத்திருந்தனர். இரு சாராரும் ஒரே நாட்டவர். ஒரே போரினால் துரத்தப்பட்டவர்கள். இடையிலிருந்த வேறுபாடு ஏழு மாதங்கள் மட்டுமே. ஆயினும் ஐந்து ஆண்டுகள் கழிந்த பின்னரும் முதலாஞ் சாராரின் தொழில் வீதம் மற்றவர்களினதைவிட 20 சதவீதப் புள்ளிகள் குறைவாக இருந்தது. இவ்விடைவெளி மறைவதற்குப் பத்து ஆண்டுகள் வரை சென்றன. உதவிப் பணமாகவும் இழந்த வரியாகவும் யேர்மனிக்கு ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 40 மில்லியன் யூரோ நட்டமேற்பட்டதாக 2018 இல் வெளிவந்த அவ்வாய்வு கணக்கிட்டது. அகதிகள் அரசின் பணத்தில் வாழ்கின்றனர் எனக் குறைகூறுவோர், அவர்களின் கைகளைக் கட்டிவைத்தது யார் என்பதையும் சிந்திக்க வேண்டும்.

இருப்பிடத்தின் விளைவு உடலிலும் தெரிகின்றது. 1987 முதல் 1991 வரை சுவீடனுக்கு வந்த அகதிகளை அந்நாட்டு அரசு தன் விருப்பப்படி வெவ்வேறு பகுதிகளுக்குப் பிரித்து அனுப்பியது. அவர்களுள் 60,000 இற்கும் மேற்பட்டோரின் உடல்நலப் பதிவுகளைப் பின்னாளில் ஆராய்ந்தோர், வறிய பகுதிகளுக்கு அனுப்பப்பட்டோரிடையே நீரிழிவு நோய் கூடுதலாகக் காணப்பட்டதையும், ஆண்டுகள் செல்லச் செல்ல அவ்வேறுபாடு பெருகியதையும் 2016 இல் வெளிப்படுத்தினர். நீரிழிவை வீட்டுக்கு வீடு கண்டுவரும் எமது சமூகம் இதனைக் கருத்திற் கொள்ளல் நன்று. நோய்க்கு உணவையும் பரம்பரையையும் மட்டும் காரணம் காட்டுதல் போதாது. அதிகாரி ஒருவர் ஒப்பமிட்ட இருப்பிடக் கட்டளையும் இருபது ஆண்டுகளின் பின் நோயாக வெளிப்படக்கூடும்.

இருப்பிடம் இத்துணை முக்கியமானதாயின், அதனைத் திருவுளச் சீட்டுப் போல் தீர்மானிக்கலாமா? சுவிற்சர்லாந்தில் தஞ்சம் கோருவோர் 26 மாநிலங்களுக்கும் சனத்தொகை விகிதப்படி பங்கிடப்பட்டு வந்தனர். பிள்ளை யேர்மன் மொழியில் படிப்பதா, பிரெஞ்சு மொழியில் படிப்பதா என்பதைக்கூட அப்பங்கீடே முடிவு செய்தது. இங்கேதான் கணினிப் பொறியியல் உதவிக்கு வந்தது. எத்தகையோர் எந்த ஊரில் தொழில் பெற்றனர் என்ற பழைய பதிவுகளைக் கணினிக்குக் கற்பித்து, புதிதாக வருவோருக்குப் பொருத்தமான இடத்தைக் கண்டறியும் முறையொன்றை அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தையும் சூரிச்சின் தொழில்நுட்ப உயர்கல்விக் கழகத்தையும் சேர்ந்த அறிஞர்கள் வகுத்தனர். பழைய பதிவுகளில் வைத்துச் சோதித்தபோது, வழமையான பங்கீட்டைக் காட்டிலும் 40 முதல் 70 சதவீதம் வரை தொழில்வாய்ப்புக் கூடும் என 2018 சனவரியில் அவர்கள் அறிவித்தனர். சுவிஸ் அரசும் அவ்வாண்டே அதனைப் பரீட்சார்த்தமாகச் செயற்படுத்த முன்வந்தது. இது வரவேற்கத்தக்கதே. எனினும், கணினி தேடுவது தொழிலை மட்டுமே. உடன்பிறந்தோர் வாழும் ஊர், கோயில், தமிழ்ப் பாடசாலை, பேச்சுத்துணைக்கு ஒரு மனிதர் என்பனவும் வாழ்க்கையே. தொழிலாளியைப் பங்கிடும் கணக்கில் மனிதர் விடுபட்டுப் போகலாகாது.

மேற்கூறிய ஆய்வுகள் யாவும் பிற அறிஞர்களின் சோதனைக்கு உட்பட்டு, வெளிப்படையாக அச்சேறியவை. இனி இவற்றின் மறுபக்கத்தையும் நோக்குவோம்.

2009 செப்ரெம்பரில் பிரித்தானிய எல்லை முகவரகம் ஒரு திட்டத்தைத் தொடக்கியது. தம்மைச் சோமாலியர் எனக் கூறுவோர் உண்மையிற் சோமாலியர்தாமா என்பதை அறிய, அவர்களின் உமிழ்நீரிலிருந்து மரபணுவையும், தலைமயிரிலும் நகத்திலும் உள்ள மூலகங்களின் சமதானிகளையும் சோதிப்பதே அத்திட்டம். அறிவியலாளர் வெகுண்டெழுந்தனர். மரபணுவுக்கு நாட்டெல்லை தெரியாது. எல்லைக்கோட்டின் இருபுறமும் ஒரே இனத்தவர் வாழும் பிரதேசத்தில் குடியுரிமையைக் குருதியிற் காணல் இயலாது. தலைமயிரோ மாதமொன்றுக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வளர்வது. அண்மைய மாதங்களில் உண்ட உணவையும் பருகிய நீரையும் அது காட்டுமேயன்றி, பிறந்த மண்ணைக் காட்டாது.

எதிர்த்துக் குரல் கொடுத்தோருள் மரபணு அடையாள முறையைக் கண்டுபிடித்த பேராசிரியர் அலெக் ஜெஃப்ரிசும் ஒருவர். அவர் கண்டுபிடித்த முறை முதன்முதலாக 1985 இல் பயன்பட்டது குற்றவாளியைப் பிடிப்பதற்காக அன்று. பிரித்தானியாவுக்குள் நுழைய மறுக்கப்பட்ட கானா நாட்டுக் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் தன் தாயின் பிள்ளையே என்பதை நிறுவி, அவனைத் தாயிடம் சேர்ப்பதற்காகவே அது பயன்பட்டது. தாய்–பிள்ளை உறவை மரபணு சொல்லும். நாட்டை அது சொல்லாது. அதே அறிவியல், உரிய கேள்விக்கு விடை சொன்னபோது குடும்பத்தை இணைத்தது. உரியதல்லாத கேள்விக்கு விடை சொல்லுமாறு வற்புறுத்தப்பட்டபோது அநீதிக்குத் துணைபோக இருந்தது. அறிஞர்களின் எதிர்ப்பின் பின் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஆயினும் சோதனைக்கு உட்படாத ஒரு கருவி மனிதர்மீது பிரயோகிக்கப்பட்ட பின்னரே விவாதம் எழுந்தது என்பதை மறத்தலாகாது.

வயதை அளக்கும் முயற்சிகளும் இத்தகையனவே. தனித்து வந்த பிள்ளைகளின் கையெலும்பைக் கதிர்ப்படம் எடுத்து வயது கணிக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. இதற்கு நெடுங்காலமாக அளவுகோலாகப் பயன்பட்ட நூல், 1930 களில் அமெரிக்காவின் கிளீவ்லன்ட் நகரில் வாழ்ந்த வசதிபடைத்த வெள்ளையினப் பிள்ளைகளின் படங்களைக் கொண்டு ஆக்கப்பட்டது. பிள்ளையின் எலும்பு வளர்ச்சி சீரானதா என மருத்துவர் அறிவதற்கே அது எழுந்தது. வயதைத் தீர்ப்பளிப்பதற்காக அன்று. பட்டினியும் போரும் கண்ட பிள்ளையின் கையை அந்நூலுடன் ஒப்பிட்டால் இரண்டாண்டுப் பிழை நேர்வது வியப்பன்று. பதினேழு வயதினர் பத்தொன்பது எனத் தீர்க்கப்பட்டால் பாடசாலையும் பாதுகாவலரும் இல்லாமற் போய், வயது வந்தோருடன் அடைக்கப்படும் நிலை ஏற்படுகின்றது. இப்பிழைகள் அறியப்பட்டிருந்தும், முகத்தைப் பார்த்து வயது கூறும் கணினி முறையைத் தஞ்சம் கோருவோர்மீது சோதிக்கப்போவதாக 2025 யூலையில் பிரித்தானிய அரசு அறிவித்தது. கடலையும் காட்டையும் கடந்து வந்த முகம் தன் வயதுக்கு மிஞ்சி முதிர்ந்திருக்கும் என்பதைக் கணினிக்குக் கற்பித்தவர் யார்?

இதற்கு மாறாக, முதிர்ந்த மருத்துவ அறிவியல் அகதியின் பக்கம் சாட்சி சொல்லும்போது அது எளிதில் ஏற்கப்படுவதில்லை. சித்திரவதையின் தழும்புகளை ஆராய்ந்து பதிவதற்கு இஸ்தான்புல் நெறிமுறை என்னும் வழிகாட்டி 1999 இல் வகுக்கப்பட்டது. பல நாட்டு மருத்துவரும் சட்டத்தரணிகளும் சேர்ந்து ஆக்கியது அது. தழும்பு எத்துணை தூரம் கூற்றுடன் பொருந்துகின்றது என்பதை ஐந்து படிகளாக அது வகுத்துக் கூறுகின்றது. பிரித்தானியாவில் இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில், சூட்டுக்கோலால் ஏற்பட்ட தழும்புகளை மருத்துவர் அம்முறைப்படியே ஆராய்ந்து அறிக்கையிட்டார். கீழ்மன்றுகளோ அவர் தம் விருப்பத்துடன் பிறரைக்கொண்டு சுட்டுக்கொண்டிருக்கலாம் என ஐயுற்றன. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அம்முடிவைத் தள்ளி, வழக்கை மீள விசாரிக்கப் பணித்தது. காயத்தின் காரணத்தைப் பற்றி மருத்துவர் கருத்துரைப்பது அவருடைய கடமைக்கு உட்பட்டதே எனவும், தஞ்சம் பெறுவதற்காக ஒருவர் தம்மைத் தாமே இவ்வாறு சுடுவிப்பது மிகமிக அரிதே எனவும் அம்மன்று எடுத்துரைத்தது. இத்தெளிவு பிறப்பதற்கு ஒரு தமிழர் நாட்டின் அதியுயர் மன்று வரை செல்ல வேண்டியிருந்தது.

ஆக, நிலைமை தலைகீழாயுள்ளது. எந்த ஆய்வு உறுதியானதோ அது ஏட்டுச் சுரைக்காயாகக் கிடக்கின்றது. எது ஐயத்துக்குரியதோ அது அதிகாரியின் கைக்கருவியாகின்றது. முழு அரசுகளையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமன்று என்பதையும் ஏற்கின்றோம். சுவிஸ் மக்கள் 2016 யூன் வாக்கெடுப்பில் ஏற்ற சீர்திருத்தம் 2019 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. பெரும்பாலான விண்ணப்பங்களை 140 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் எனவும், இலவச சட்ட உதவி வழங்க வேண்டும் எனவும் அது விதித்தது. தஞ்சம் கோருவோர் தொழில் செய்வதற்கான காத்திருப்பை ஒன்பது மாதங்களிலிருந்து ஆறு மாதங்களாகக் குறைக்கும் விதியை ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் நிறைவேற்றியது. நற்செயல்களை நன்றியுடன் குறிப்பிடுதல் எமது கடன். ஆனால் விரைவு என்பது அவசர மறுப்பாகிவிடலாகாது என்பதையும் சேர்த்தே வலியுறுத்துகின்றோம்.

இந்நிலையில் மூன்று கோரிக்கைகளை முன்வைத்தல் பொருத்தமாகும். முதலாவது, தஞ்சம் கோருவோர்மீது பிரயோகிக்கப்படும் எந்த அறிவியற் கருவியும் முன்கூட்டியே வெளிப்படையாகச் சோதிக்கப்பட்டு, அதன் பிழை வீதம் விண்ணப்பதாரருக்கும் அவர்தம் சட்டத்தரணிக்கும் அறிவிக்கப்படல் வேண்டும். இரண்டாவது, காத்திருப்பும் தொழில் தடையும் மனிதரை முடமாக்குகின்றன என்பது நிறுவப்பட்டுவிட்டமையால், அவற்றை நீடிக்கும் அரசு அதற்கான நியாயத்தைப் பகிரங்கமாகக் கூறல் வேண்டும். மூன்றாவது, எமது வாழ்வை ஆராய்ந்து பட்டமும் புகழும் பெறுவோர், அம்முடிவுகளை எமக்கு விளங்கும் மொழியில் எம்மிடமே திரும்பக் கொண்டுவருதல் வேண்டும்.

எமது பக்கத்திலும் கடமை உண்டு. இங்கு வளரும் எமது பிள்ளைகள் மருத்துவத்திலும் பொறியியலிலும் சிறந்து விளங்குவது பெருமைக்குரியதே. ஆயினும் சட்டம், புள்ளிவிபரவியல், சமூகவியல் என்பவற்றை நாடும் பிள்ளையைப் பார்த்து, இதைப் படித்து என்ன செய்யப் போகின்றாய் எனக் கேட்கும் பெற்றோர் இன்னும் எம்மிடையே உளர். ஒரு வழக்கைத் திருப்பியது இத்துறைகளுள் ஒன்றான சட்டத்தைக் கற்றோரின் எழுத்தும் வாதமுமே என்பதை அப்பெற்றோர் எண்ணிப் பார்த்தல் நன்று. சங்கங்களும் தமிழ்ப் பாடசாலைகளும் இத்தகைய ஆய்வுகளைத் தமிழில் விளக்கும் கூட்டங்களை ஆண்டுக்கு ஒருமுறையேனும் நடத்தலாம். விண்ணப்பம் நிலுவையிலுள்ளோர் தம் சட்டத்தரணியிடம், என்மீது எந்த முறை கையாளப்படுகின்றது, அதன் பிழை எவ்வளவு எனத் தயங்காது கேட்கலாம்.

பிறர் எம்மை அளக்கும் காலம் இது. அளவுகோல் நேரானதா என்று கேட்கும் உரிமை அளக்கப்படுவோருக்கு உண்டு. அவ்வுரிமையை அறிவோடும் நிதானத்தோடும் பயன்படுத்த எமது மக்கள் முன்வருதல் வேண்டும்.