இருட்டறையில் ஒரு பரீட்சை

பரிசோதனை விஞ்ஞானத்தின் பிதா என்று, 1620-இல் ‘நோவும் ஆர்கனும்’ என்ற நூலை வெளியிட்ட பிரான்சிஸ் பேக்கனையே பலரும் போற்றுவர். அவர் பெருமை பெரிதே. ஆயினும், ஏறக்குறைய அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே, பாஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம், கண்ணிலிருந்து கிரணங்கள் புறப்பட்டுப் பொருள்களைத் தீண்டுவதாலேயே பார்வை உண்டாகிறது என்று யூக்ளிடும் தாலமியும் கூறிச் சென்றதை, பெரியோர் வாக்கு என்பதற்காக ஒப்புக்கொள்ள மறுத்தார். ஒளியின் இயல்பை நேரில் அறிய, இருட்டறை ஒன்றின் துவாரத்துக்கு எதிரே பல விளக்குகளை வெவ்வேறு இடங்களில் ஏற்றி வைத்து, உள்ளே சுவரில் அத்தனை ஒளிப் பொட்டுகள் தனித்தனியே விழுவதைக் கண்டார். ஒரு விளக்கை மறைத்தால் அதற்கு நேரான பொட்டு மட்டுமே மறைந்தது. மறைப்பை நீக்கினால் மீண்டும் தோன்றியது. ஒரே துவாரத்தின் வழியே புகுந்தும் ஒளிகள் ஒன்றோடொன்று கலந்து குழம்புவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான பிரமாணம் ஏது?

தாலமியைப் பற்றிய சந்தேகங்களுக்கென்றே தனி நூல் இயற்றிய அம்மேதை, முன்னோர் நூல்களைப் போலவே தம் சொந்தக் கருத்தையும் ஐயத்தோடு சோதித்தல் கடமை என்று விதித்தாரே, அதுவே விஞ்ஞானத் தத்துவத்தின் மூலம் என்பது என் துணிபு. ஆசிரியர்களே, சூத்திரங்களை மனப்பாடம் செய்விக்கும் முன், இரண்டு மெழுகுவர்த்திகளையும் துவாரமிட்ட ஓர் அட்டையையும் மாணவர் கையில் கொடுங்கள்.