பள்ளிப் படிப்பும் செல்போனும் பெண் பிள்ளைகளும்

கல்விக்குத் தெய்வமாக ஒரு பெண்ணையே உட்காரவைத்து, அவள் கையில் ஏட்டையும் வீணையையும் கொடுத்துப் பூசை செய்கிற நாட்டிலே, வீட்டிலுள்ள பெண் பிள்ளையின் கையில் பாடம் படிப்பதற்கு ஒரு செல்போனைக் கொடுக்க மாத்திரம் தகப்பன்மார் பயப்படுகிறார்களே, இதைப்பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கிறது.

2018-ம் வருஷம் முதல் தமிழ்நாட்டின் புதிய பாடப் புத்தகங்களில் கருப்பும் வெள்ளையுமாக ஒரு சிறு கட்டம் அச்சிடப்பட்டிருக்கிறது. செல்போனை அதற்கு நேரே பிடித்தால் பாடம் படமாக ஓடும். 2019-ல் சர்க்காரார் கல்வித் தொலைக்காட்சியும் ஆரம்பித்தார்கள். இவை நல்ல காரியங்களே. கிரகணம் எதனால் உண்டாகிறது என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிட்ட குழந்தையிடம் பாம்பு சந்திரனை விழுங்கிய கதை செல்லுமா? ஆனால் செல்போன் கைக்கு வராத குழந்தைக்கு அந்தக் கட்டமும், மந்திரவாதி எழுதிக் கொடுக்கும் தகடும் ஒன்றுதானே!

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது இந்தச் சாயம் வெளுத்துவிட்டது. 1 முதல் 8 வரை வகுப்புகளுக்கு 2021 நவம்பரில்தான் மறுபடியும் கதவு திறந்தது. அதுவரையில் செல்போனே பள்ளிக்கூடம். பொம்மிடியைச் சுற்றியுள்ள கூலிக் குடும்பங்களில் வீட்டிற்கு ஒரு போன் இருந்தாலே அதிகம். அதுவும் தகப்பனோடு வேலைக்குப் போய்விடும். இருட்டின பிறகு அது வீட்டிற்கு வந்தால் முதலில் மகனுக்கு, மிச்சம் மகளுக்கு. சோற்றுப் பானையில் என்ன முறையோ அதே முறை! மகளுக்குப் பாடம் விட்டுப்போயிற்று. பாடம் விட்டவளுக்குப் பள்ளிக்கூடம் விட்டுப்போயிற்று. பிறகென்ன? 18 வயது நிரம்பாமலேயே தாலி.

கேட்டால், “பெண் பிள்ளை கெட்டுப்போகும்” என்கிறார்கள். பையன் நடு இராத்திரி வரை அதில் விளையாடிக்கொண்டிருந்தாலும் கெடாத மானம், பெண் கணக்குப் பாடம் கேட்டால் கெட்டுவிடுகிறதாம்! இப்படிச் சொல்லுகிறவர்களில் நமது கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டுகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதை வெட்கத்தோடுதான் எழுதுகிறோம்.

தகப்பன் மாத்திரமல்ல, கல்லூரியும் இந்தக் காவல் வேலையைச் செய்ததுண்டு. கேரளத்தில் ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதியில் மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை, அதாவது படிக்கிற நேரத்தில், போனை ஒப்படைத்துவிட வேண்டுமென்று விதி செய்தார்கள். ஒரு மாணவி மறுத்தார், வெளியேற்றப்பட்டார். அவர் சும்மாயிராமல் ஐகோர்ட்டுக்குப் போனார். இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கியது என்று 2019 செப்டம்பரில் தீர்ப்பாகி, அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள உத்தரவாயிற்று. ஆனால் எல்லாப் பெண்களும் தகப்பன்மேல் ஐகோர்ட்டில் வழக்குப் போட முடியுமா?

ஆகவே பொம்மிடித் தோழர்கள் அடுத்த கூட்டத்திற்கு வரும்போது, ஒரு வாரத்தில் வீட்டுப் போன் மாலை வேளையில் மகனிடம் எத்தனை மணி, மகளிடம் எத்தனை மணி இருந்தது என்று குறித்துக்கொண்டு வரும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். நமது வீட்டுக் கணக்கை முதலில் நாமே வாசிக்கிறோம்.