72 மணி நேரம் யாருக்காகவும் காத்திருக்காது

தமிழ்நாட்டில் ஒரு மாத்திரை இருக்கிறது. அதற்குத் தடை கிடையாது. வாங்க மருத்துவர் சீட்டும் தேவையில்லை. 2005-லேயே மத்திய அரசு விதியை மாற்றிவிட்டது. ஆனால் நம் ஊர் மருந்துக்கடைகளில் கேட்டால் பெரும்பாலும் "இல்லை" என்ற பதில்தான் வரும். அவசரக் கருத்தடை மாத்திரையைத்தான் சொல்கிறேன். ஐ-பில், அன்வாண்டட்-72 என்று பெங்களூருவிலும் புதுச்சேரியிலும் சாதாரணமாகக் கிடைப்பது, இங்கே பல ஆண்டுகளாகக் கடை அலமாரியில் இல்லை. கேள்வி எழுந்தபோது, தடை எதுவும் இல்லை என்றே மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சொன்னது. தடை இருந்தால் வழக்குப் போடலாம். எழுதப்படாத தடையை எந்த நீதிமன்றத்தில் நிறுத்துவது?

இதனால் யாருக்கு நஷ்டம் என்று பாருங்கள். சென்னையில் வசதியுள்ள பெண் தோழி மூலம் வரவழைத்துக்கொள்வாள். பன்றிமலை, ஆடலூர் காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் பெண் என்ன செய்வாள்? ஒருநாள் கூலியை விட்டு, மலையிறங்கி, கன்னிவாடிக்கு வர வேண்டும். இந்த மாதிரி ஊர்களில் கடைக்காரருக்கு நம் அப்பா பெயரும் தெரியும், தெருவும் தெரியும். தெரு தெரிந்தால் சாதி தெரியும். அங்கே போய் இந்த மாத்திரையைக் கேட்பது மருந்து கேட்பதாக மட்டும் முடிவதில்லை. அவள் வாய்திறக்கவே மாட்டாள்.

முதலில் அறிவியலைத் தெளிவாகப் பிடித்துக்கொள்வோம். விந்தணு பெண்ணின் உடலில் 5 நாள் வரை உயிரோடு இருக்கும். கருமுட்டை வெளிவரும் நாள் மாதத்துக்கு மாதம் மாறலாம். அதனால் "பாதுகாப்பான நாள்", "ஒரு தடவைதானே" என்ற பேச்செல்லாம் நம்பத்தக்கதல்ல. பப்பாளியும் எள்ளும் கருத்தடை அல்ல.

லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் மாத்திரை கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது. 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு பலன். போட்ட 2 மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் மறுபடி போட வேண்டும். ஏற்கெனவே கரு தங்கியிருந்தால் இது அதைக் கலைக்காது. கருக்கலைப்பு மாத்திரை வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பியதால்தான் இத்தனை பயமும் பழியும். 5 நாளுக்குள் என்றால் அரசு மருத்துவமனையில் காப்பர்-டி போடுவது இன்னும் உறுதியான வழி. மாத்திரை நூறு சதவீத உத்தரவாதம் தராது, பால்வினை நோய்களைத் தடுக்காது, அன்றாடக் கருத்தடைக்கும் மாற்றல்ல. மாதவிலக்கு ஒரு வாரத்துக்கு மேல் தள்ளினால் சிறுநீர்ப் பரிசோதனை அவசியம்.

இது நம் இயக்கத்தின் வேலையா என்று கேட்பவர்கள் உண்டு. அண்ணல் அம்பேத்கர் 1916-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில், அகமணமே சாதியின் அடிப்படை என்று காட்டினார். அகமணத்தைக் காப்பது என்றால் பெண்ணின் உடலைக் காவல் காப்பது. 1938 நவம்பரில் பம்பாய் சட்டமன்றத்தில் கருத்தடைக்கு ஆதரவாக வந்த தீர்மானத்துக்கான உரையைத் தயாரித்தவரும் அவரே. தீர்மானம் தோற்றது. கருத்தடையை மக்கள்தொகைக் கணக்காகப் பார்க்காமல் பெண் விடுதலையாகப் பார்த்தவர் பெரியார். ஆனால் நம் அரசு எதைத் தந்தது? மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை. ஆண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. பிள்ளை பெற்று முடித்த பெண்ணுக்குக் கத்தி தயார். அதற்கு முன் அவளே முடிவெடுக்க ஒரு மாத்திரை இல்லை.

ஆலைகளில் நிலைமை இன்னும் விநோதம். மாதவிலக்கு வலியோடு தையல் எந்திரத்தில் உட்காரும் பெண்களுக்குப் பெயர்கூட இல்லாத மாத்திரைகள் கொடுக்கப்படுவதை, தமிழ்நாட்டின் சுமார் 100 தொழிலாளர்களிடம் பேசி 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை வெளிக்கொண்டுவந்தது. உற்பத்தி நிற்காமல் இருக்க மாத்திரை கிடைக்கும். அவள் வாழ்க்கை நிற்காமல் இருக்கத்தான் கிடைக்காது.

இனி நமக்கே ஒரு கேள்வி. பாலியல் வன்கொடுமை நடந்த ஊருக்கு ஓடுகிறோம். வழக்குப் பதிவு செய், வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவைச் சேர், கைது செய் என்று மறியல் செய்கிறோம். எல்லாம் சரி. அந்த மூன்று நாளிலேயே 72 மணி நேரம் முடிந்துவிடுகிறது. பாதிக்கப்பட்டவருக்கு அரசு மருத்துவமனையும் தனியார் மருத்துவமனையும் உடனடியாக, இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம். மறுப்பது குற்றம். அந்தச் சிகிச்சையில் அவசரக் கருத்தடையும் உண்டு என்று மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டுதல் சொல்கிறது. முதல் தகவல் அறிக்கை வரட்டும் என்று மருத்துவமனை காத்திருக்கக் கூடாது. நாமும் காத்திருக்கக் கூடாது.

நாள் கடந்துவிட்டாலும் கதவு மூடவில்லை. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் ஒப்புதலோடு சட்டப்படி கருக்கலைப்பு செய்யலாம். பாலியல் வன்முறைக்கு ஆளானவர் உள்ளிட்ட சிலருக்கு, இரண்டு மருத்துவர் ஒப்புதலோடு 24 வாரம் வரை. 18 வயதான பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும். கணவனோ அப்பாவோ கையெழுத்துப் போட வேண்டியதில்லை. மணமாகாத பெண்ணுக்கும் இந்த உரிமை சமம் என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 18-க்குக் கீழ் என்றால் போக்சோ வரும். அப்போதும், சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், காவல்துறைக்கு அவள் பெயரை மருத்துவர் சொல்ல வேண்டியதில்லை என்பது அதே தீர்ப்பு.

மாணவத் தோழர்களே, செய்ய வேண்டியது எளிது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த மாத்திரை ஓராண்டில் எத்தனை வந்தது, எத்தனை கொடுக்கப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஆஷா பணியாளர் வீட்டுக்கே கொண்டுவந்து 2 ரூபாய்க்குத் தரலாம் என்று மத்திய அரசு திட்டமே வகுத்தது. நம் மலைக்கிராமங்களுக்கு அது வந்ததா என்று கேளுங்கள். மருந்துக்கடைக்கு நான்கைந்து பேராகப் போய்க் கேளுங்கள். "தடை" என்று சொன்னால் எழுதித் தரச் சொல்லுங்கள். ஆண் தோழர்களும் போக வேண்டும். ஆணுறையும் இந்தக் கேள்வியும் பெண்களின் பொறுப்பு மட்டுமல்ல.

தெருவுக்குள் தேர் வரவில்லை என்று போராடத் தெரிந்த நமக்கு, தெருவுக்குள் ஒரு மாத்திரை வரவில்லை என்று போராடவும் தெரிய வேண்டும்.

ஜெய் பீம்.